காங்கேயத்தைச் சுற்றிய மலைகளில் நடப்போமா? வாசகர் கேள்வி – பதில்

காங்கேயம் பேருந்து நிலையத்திலிருந்து பிரியும் சாலைகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு குன்றின் அடிவாரத்தில் கொண்டுபோய் விடுகின்றன. திருப்பூர்ச் சாலையில் சிவன்மலையும், தாராபுரம் சாலையில் ஊதியூரும், ஈரோட்டுச் சாலையில் அறச்சலூர் நாகமலையும், வடக்கே நொய்யலைத் தாண்டினால் சென்னிமலையும் உள்ளன. சந்தைக்கு வருவோர் நாள்தோறும் பார்க்கும் இந்த மலைகளில் நடப்பது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் அளிக்கிறோம்.

ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். வயது 64. சர்க்கரை நோய் இருப்பதால் நாள்தோறும் நடக்கும்படி மருத்துவர் கூறியிருக்கிறார். வாரம் ஒருமுறை சிவன்மலைப் படியேறி வந்தேன். இப்போது இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது. மலையை விட மனமில்லை. வேறு வழி உண்டா?
– வாசகர், காங்கேயம்

மலையை நீங்கள் விட வேண்டியதில்லை. படியேறும்போது மூச்சு வாங்கும். ஆனால் முழங்காலுக்கு உண்மையான சோதனை இறங்கும்போதுதான் வருகிறது. ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முழுவதையும் மடங்கிய ஒற்றைக் கால் தாங்கிக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஏறத்தாழ 500 படிகளையும் ஏறிச் சென்றுவிட்டு, திரும்பும்போது வாகனப் பாதையின் ஓரமாகச் சிறு அடிகள் வைத்து இறங்கிப் பாருங்கள். அதிலும் வலி இருந்தால், மருத்துவரிடம் முழங்காலைக் காட்டும் வரை ஏற்றத்தை நிறுத்தி வையுங்கள்.

அதுவரையில், அதற்குப் பின்னரும்கூட, உங்களுக்கு ஏற்றது மலையை வலம் வரும் பாதையே. தைப்பூசத்தின்போது சிவன்மலைத் தேர் மூன்று நாட்கள் இழுக்கப்பட்டு மலையைச் சுற்றி நிலைக்கு வருகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர் போகும் தடத்தில் ஆசிரியர் ஒருவர் கைத்தடியுடன் போக முடியாதா என்ன? காலையில் நடந்தால் மலையின் மேற்குப் பக்கம் நெடுநேரம் நிழலிலேயே இருக்கும். மாலையில் நடந்தால் கிழக்குப் பக்கம் சீக்கிரமே நிழலுக்கு வந்துவிடும். இதை மனத்தில் கொண்டு எந்த இடத்தில் நடையைத் தொடங்குவது என்பதை முடிவு செய்துகொள்ளலாம். சுற்றி வரும்போது பாறையையும் சற்று உற்றுப் பாருங்கள். அருணகிரிநாதர் பட்டாலியூர் என்று பாடிய இந்த மலை, நிலவியலார் நெஃபிலின் சயனைட் என்று அழைக்கும் அரிய பாறையால் ஆனது. அதற்காகவே அவர்களால் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது.

சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நெருஞ்சி முள் குத்துவதும் கல் சுடுவதும் தெரியாது. சென்ற மாசியில் காலை பத்தரை மணிக்குப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது, முன்னால் சென்ற பெரியவர் ஒருவர் வெள்ளையடித்த பட்டையை விட்டு விலகாமல் ஒரே கோட்டில் நடப்பதைக் கண்டேன். அவர் ஒருமுறை தவறி வெறுங்கல்லில் மிதித்ததும் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அப்படி இழுத்துக்கொள்ளும் உணர்வு இல்லாதவருக்குக் கொப்புளம் வீட்டுக்குப் போன பிறகே தெரியவரும். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களுக்கு எட்டு மணிக்கு முன்பே போய் வந்துவிடுங்கள். நடக்கும்போது சர்க்கரை திடீரெனக் குறைந்தால் வாயில் போட, சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

நாங்கள் நால்வர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதியூர் மலைக்குப் போய்வர விரும்புகிறோம். பயமில்லாமல் போகலாமா?
– வாசகி, திருப்பூர்

போகலாம், ஆனால் கோயில் வழியை விட்டு விலகாமல் போக வேண்டும். பொன்னூதி மலை என்றும் அழைக்கப்படும் இம்மலை கொங்கணச் சித்தரின் பெயரோடு இணைந்தது. உத்தண்ட வேலாயுத சுவாமி கோயில் வரையிலான வழியில் பகலில் மக்கள் நடமாட்டம் இருக்கும். அதற்கு மேலே சித்தர் குகையையும் உச்சியையும் நோக்கிச் செல்லும் தடம் காப்புக்காட்டுக்குள் போகிறது. 2023ஆம் ஆண்டில் இந்தக் காட்டை ஒட்டிய தோட்டங்களில் சிறுத்தை ஒன்று கன்றுகளையும் ஆடுகளையும் பிடித்ததும், வனத்துறையினர் கூண்டு வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். எனவே மேலே போக எண்ணினால், அடிவாரத்தில் வனத்துறை வைத்துள்ள அறிவிப்பைப் பார்த்து, கோயிலில் இருப்பவர்களையும் கேட்டுக்கொண்டு, அன்று போகலாம் என்றால் மட்டும் போங்கள். இருட்டும் முன் அடிவாரத்தில் இருக்க வேண்டும்.

பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். அங்கே சாம்பிராணி, பீடி, சிகரெட் என்று எந்தப் புகையும் கூடாது. உரத்த கூச்சலும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மலையில் ஒருமுறை எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர், அரை லிட்டர் போதும் என்று வந்து, பதினொரு மணிக்கு மொட்டைப் பாறையின் நடுவில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். நிழலுக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுசேர்ப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டை இன்றும் மறக்க முடியவில்லை. மலை சிறியதாக இருந்தாலும் இங்கே வெயில் சிறியதன்று.

எங்கள் பாட்டனார் ஊதியூர்ப் பக்கமிருந்து கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு இட்டேரி வழியாகவே மாடுகளை ஓட்டிச் சென்றதாக அப்பா சொல்வார். அந்த இட்டேரிகள் இன்னும் இருக்கின்றனவா? அவற்றில் நாம் நடக்கலாமா?
– வாசகி, வெள்ளகோவில்

இந்தக் கடிதத்தை நான் இருமுறை படித்தேன். காங்கேயம் வட்டாரத்தில் எங்கே நடக்கலாம் என்று யார் கேட்டாலும், மலையுச்சியைவிட ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகும் இட்டேரியையே நான் முதலில் சொல்வேன்.

பிற பகுதி வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். இங்கே மழை குறைவு. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் வீசும். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். இந்த மண்ணுக்கு ஏற்ற மேய்ச்சல் முறையாக உருவானது கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் நிறைந்த நிலத்தைச் சுற்றி முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி அமைத்து, உள்ளே காங்கேயம் மாடுகளையும் ஆடுகளையும் விட்டுவிடுவார்கள். மேய்ப்பவர் எந்நேரமும் கூட இருக்க வேண்டிய தேவை இல்லை, வேலியே காவல். ஒரு பகுதியில் புல் தீர்ந்தால் அடுத்த பகுதிக்கு மாற்றுவார்கள். இப்படி இருபுறமும் கிளுவை வேலி ஓங்கி நிற்க, நடுவே ஒரு வண்டி போகும் அளவுக்கு விடப்பட்ட தடமே இட்டேரி.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில் இட்டேரியில் நடந்து பாருங்கள். ஈர மணலில் கவுதாரியின் கால்தடம் வேலியோரமாகவே போய், கீரியின் தடம் குறுக்கே வந்த இடத்தில் நின்றுவிடும். கிளுவையின் மேல் கோவைக் கொடி ஏறிச் சிவந்த பழத்தோடு தொங்கும். கீழே பிரண்டையும் சங்கஞ்செடியும் நெருங்கி, கோழிக்குஞ்சு நுழையும் இடைவெளிகூட இல்லாமல் அடைத்திருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் கிளுவையின் பிசின் மணம் கையிலேயே நிற்கும். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த வேலியோரத்தில் இவற்றில் ஒன்றையும் காண முடியாது.

இட்டேரிகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் துண்டு துண்டாக. சில தார்ச்சாலை ஆகிவிட்டன; சில இருபக்கத்துத் தோட்டங்களோடு கரைந்துபோயின; வேறு சில சீமைக்கருவேல் அடைத்து நுழைய முடியாமல் கிடக்கின்றன. உங்கள் பாட்டனார் சென்ற வழியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அப்பா சொல்லும் ஊர்ப் பெயர்களையும் கிணறு, கோயில், மரம் போன்ற அடையாளங்களையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் காட்டும்படி கேளுங்கள். வண்டிப்பாதை அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் புல எண், நில விவரங்களைக் கொண்ட அ-பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அது பொதுவழி. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். பட்டா நிலத்துக்குள் வழக்கத்தால் ஏற்பட்ட தடமாக இருந்தால் நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "ஏனுங்க, இப்பிடிக்கா ஊதியூருக்குப் போலாமுங்களா?" என்று வாசலில் நின்று கேட்ட எவரையும் இந்தப் பக்கத்தில் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை, மோர் கொடுத்து அனுப்பியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போகும்போது திறந்த படலை அந்தக் கணமே சாத்துங்கள். ஆள் இல்லாமல் மேயும் மாடுகளுக்கு அந்தப் படல் ஒன்றுதான் காவல். பூச்சிக்காளை, அதாவது பொலிகாளை, நிற்கும் கொறங்காட்டுக்குள் குறுக்கே போகாதீர்கள். உங்கள் வளர்ப்பு நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும். காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் ஆறாத வலியாக இருக்கும் நேரம் இது. நாயைக் கண்டால் அவர்கள் பதறுவதில் நியாயம் உண்டு.

சுருட்டை விரியன் இம்மண்ணுக்குரிய பாம்பு. வேலிக்குள் கை விடாதீர்கள், கணுக்கால் மூடும் காலணி அணியுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் தீங்கு. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சித்திரையில் கண்ணபுரம் தேர்த்திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தை கூடும்போது அதே வழியில் நடக்க ஆசை இருக்கும். அது கடும் வெயில் காலம். மார்கழியில் வழியைக் கண்டறிந்து வைத்துக்கொண்டு, சித்திரையில் கடைசி இரண்டு மைல் மட்டும் விடியற்காலையில் நடந்து சந்தைக்குள் நுழையுங்கள். உங்கள் அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்.

சென்னிமலைக்குப் படி வழியாகப் போவதானால் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?
– வாசகர், பெருந்துறை

1320 படிகள். நிதானமாக ஏற ஒரு மணி நேரம், இறங்க முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1984 பிப்ரவரி 12 அன்று இரட்டை மாட்டு வண்டி இதே படிகளில் ஏறியதை ஊரார் இன்றும் சொல்லிக் கேட்கலாம். மலைக்கோயிலுக்குத் தண்ணீர் சுமந்து செல்லும் பொதிகாளை எதிர்ப்பட்டால், சரிவுப் பக்கம் ஒதுங்காமல் மலைப் பக்கமாக நின்று அதற்கு வழி விடுங்கள்.

அறச்சலூர் மலையில் இசைக் கல்வெட்டு இருக்கிறதாமே? பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?
– வாசகி, ஈரோடு

கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். நாகமலையில் ஆண்டிப்பாறை எனப்படும் குகைத்தளத்தில், தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து வட்டெழுத்தாக மாறத் தொடங்கிய காலத்துக் கல்வெட்டு அது. "த தை தா தை த" என்று தொடங்கி, வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகள். இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும், மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும். வீட்டிலேயே கட்டம் போட்டுப் பிள்ளைகளை எழுதிப் பார்க்கச் செய்தால், குகையில் அவர்களே கண்டுபிடித்துப் படிப்பார்கள். அதை அமைத்தவர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்றும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. வண்ணக்கன் என்றால் நாணயத்தையும் மணியையும் மதிப்பிடுபவர். காங்கேயத்துக்கு அருகே படியூரில் பச்சைக்கல் கிடைத்த நாடு இது என்பதை அறிந்தவர்க்கு அந்தப் பட்டம் வியப்பளிக்காது.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீசால் பூசுவதும் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும் கல்வெட்டைத் தேய்த்துவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வாக வெளிச்சம் விழும்படி கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

கல்லூரி மாணவன் நான். இவையெல்லாம் குன்றுகள்தானே, ஆனைமலை, அமராவதிக் காட்டுக்குள் நண்பர்களோடு மலையேற என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், தாராபுரம்

வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. உங்கள் திருப்பூர் மாவட்டத்துக்குரியது சின்னார் சோதனைச் சாவடியிலிருந்து கூட்டாறு செல்லும் பாதை. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்லலாம். வழிகாட்டிகளாக வருவோரில் பலர் மலைவாழ் மக்களின் பிள்ளைகள். அவர்கள் நில் என்றால் நிற்க வேண்டும். காட்டுத்தீப் பருவத்தில் இப்பாதைகள் மூடப்படும் என்பதால் தை மாதம் முடிவதற்குள் போய்வரும்படி திட்டமிடுங்கள். அதற்கு முன் ஒரு மாதம், வாரம் இருமுறை ஊதியூர் கோயில் வரை ஏறி இறங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.