10 அடிக்கு 12 அடியில் என்ன இரகசியம்?

கேள்வி: கவிதையாலும் இரகசியங்களாலும் பிணைக்கப்பட்ட நண்பர்களைப் பற்றிய உளவியல் நாவல் ஒன்றை மொழிபெயர்ப்பில் வாசித்து, இரண்டு இரவுகள் தூக்கமின்றிக் கிடந்தேன். மலையகத்தில் இப்படியொரு நாவல் ஏன் வரவில்லை? நமக்கு உள்மனம் இல்லையா? (வாசகி ஒருவர், பண்டாரவளை)

பதில்: உள்மனம் தாராளமாக இருக்கிறது, அதை வைத்துப் பூட்டத்தான் அறை இல்லை.

கவிதையையும் நண்பர்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘இரகசியங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத்தான் என்னால் விட முடியவில்லை. நீங்கள் வாசித்த வகை நாவல்களில் ஆளுக்கோர் அறையும் அறைக்கொரு கதவும் கதவுக்கொரு சாவியும் உண்டு. ஆகவே ஒருவன் அறிந்ததை மற்றவன் அறியாமலே 300 பக்கங்களை ஓட்டிவிடலாம். நான் பிறந்த லயத்துக் காம்பரா (இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுதான் லயம், அதில் ஒரு குடும்பத்துக்கான அறைதான் காம்பரா) 10 அடிக்கு 12 அடி. இரண்டு காம்பராக்களுக்கு நடுவில் எழும் சுவர், கூரைத் தகரத்தைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். அந்த இடைவெளி வழியாக அடுப்புப் புகையும் இருமலும் கருவாட்டு வாசமும் புருஷன் பெண்சாதி சண்டையும் கடைக்கோடியிலுள்ள தொங்கல் காம்பரா வரை தங்குதடையின்றிப் போய்ச்சேரும்.

பதினைந்து வயதில் நாங்கள் மூவர் கவிதை எழுதினோம். ஒரு கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் எழுதி, சாக்குத் துண்டில் சுற்றிக் கூரைச் சட்டத்தில் செருகிவைத்து, நான்காம் ஆளுக்குத் தெரியக்கூடாதென்று மாரியம்மன் கோயில் திருநீற்றைத் தொட்டுச் சத்தியமும் செய்துகொண்டோம். ஒரு நாள் இரவு, விளக்கைத் தணித்துவிட்டு, கீழே இருக்கும் பணிய லயத்துப் பெண்ணொருத்தியைப் பற்றிய பாட்டைக் குசுகுசுவென்று வாசித்தோம். மறுநாள் விடியற்காலையில், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியபடி கொழுந்து பறிக்கப் புறப்பட்ட பக்கத்துக் காம்பரா அம்மாயி, ஒப்பாரி பாடுவதில் தோட்டம் முழுக்கப் பேர்போனவர், என்னை நிறுத்தி, “பாட்டு நல்லாத்தான் இருக்கு, ரெண்டாவது அடிதான் நொண்டுது, கடைசியில ஒரு இழு இழுத்தா சரியாப் போயிரும்” என்றார். அன்று மாலைக்குள் திருத்திய வடிவம் மலையெங்கும் பாடப்பட்டது. யாரைப் பாடினோமோ அந்தப் பெண்ணோ, திருத்துவதற்கு முன் இருந்ததே மேல் என்று சொல்லியனுப்பினாள்.

நமக்கு உள்மனம் இல்லையா என்று நீங்கள் கேட்டதற்குக் காரணம் நீங்களல்லர் என்பதும் எனக்குத் தெரியும். தொழிலாளியின் அகச்சிக்கல் இறக்குமதிச் சரக்கு என்று ஹற்றன் கூட்டமொன்றில் முழங்கிய விமர்சகர் ஒருவர் உண்டு. கொழுந்துக் கூடை வராத பக்கத்தை அவர் மலையக இலக்கியத்தில் சேர்ப்பதில்லை. மேடையிலேயே மறுத்தேன், அன்று முதல் அவர் இந்த இதழை வாங்குவதில்லை, இரவல் பெற்றே வாசிக்கிறார். இந்தப் பக்கத்தையும் இரவலில் வாசிப்பார் என்பதால் அவருக்காகச் சொல்கிறேன்: மலைக்குரிய திணை குறிஞ்சி, அதற்குரிய ஒழுக்கம் புணர்தல், அது நடப்பதோ களவில், அதாவது ஊரறியாக் காதலில். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் ஒரு தோழி தன் தலைவியின் இரகசியத்தைச் செவிலியிடம் எப்படிப் பக்குவமாக அவிழ்ப்பது என்று பார்க்கிறாள். 99 பூக்களை இடையில் அடுக்குகிறாள். நட்பும் கவிதையும் இரகசியமும் ஒன்றாக வருவதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா? வள்ளுவரும் இரகசியத்தை நம்பியவரல்லர்: “மறைபெறல் ஊரார்க்கு அரிதன்றால் எம்போல் அறைபறை கண்ணார் அகத்து.” (பறைபோல் முழங்கிக் காட்டிக்கொடுக்கும் கண்ணுடையவரின் மறைவை அறிவது ஊராருக்கு அரிதன்று என்கிறார். இங்கே ‘அறை’ என்பது காம்பராவன்று, முழக்கம், உரைகாரர்கள் லயத்தில் குடியிருந்திருந்தால் இரண்டு பொருளும் சொல்லியிருப்பார்கள்.) ஊராருக்குத் தெரியாமல் எதுவும் இல்லை என்றால், எஞ்சியிருப்பது எல்லோரும் அறிந்தும் எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. மலையகத்தில் இரகசியம் என்று நான் கண்டது அதைத்தான்.

அந்தக் கொப்பியில் எங்கள் மூவரில் ஒருவன் திடீரெனக் கடலைப் பற்றியே எழுதத் தொடங்கினான். கடலைக் கண்ணால் காணாதவன் அலை, படகு, அக்கரை, திரும்பாத பறவை என்று மாதக்கணக்கில் எழுதினான். நாங்கள் இருவரும் அபாரமான கற்பனை என்று அவன் முதுகில் தட்டினோம். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எண்ணி ஒதுக்கியிருந்தது. அவர்களில் அவன் குடும்பமும் ஒன்று என்பதும், பாஸ்போர்ட் வந்து தகரப் பெட்டிக்குள் கிடந்தது என்பதும் எங்கள் அப்பா அம்மா உட்பட லயம் முழுவதற்கும் தெரிந்திருந்தன. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற ரயில் அவனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோதுதான் எங்களுக்கு விளங்கியது. கொப்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்; கடைசிப் பக்கத்தில் ஒரு கூட்டல் கணக்கு மட்டும் இருந்தது, அதுவும் பிழை.

எழுதுவதாயின் நீங்களே எழுதுங்கள், ஆனால் நண்பர்களின் வாயால் கதையைச் சொல்லாதீர்கள். சுவருக்கு அப்பால் படுத்திருந்த அம்மாயியிடம் ஒப்படையுங்கள். அவன் போய்ப் பல நாட்களுக்குப் பின், “ஏன் அம்மாயி, தெரிஞ்சிருந்தும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “அந்தப் பய தெனம் ராத்திரி சொல்லிக்கிட்டேதானேடா இருந்தான். நீங்கதான் பாட்டுன்னு நெனச்சிக்கிட்டீங்க.”