அப்ப மாவுக்கு ஊற்றிய புளிப்பு

அன்புள்ள சேர்,

நான் களுவாஞ்சிகுடிப் பிள்ளை. ஜோர்ஜியாவில், திபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன். என் அறைத்தோழியின் ஊர் ககேத்தி. சென்ற மாதக் கடைசியில் திராட்சை அறுப்புக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். ருத்வேலி என்று சொல்கிறார்கள். விடியலில் இருந்து பொழுதுபடும் வரை குலை வெட்டினோம். மரத்தொட்டியில் போட்டுக் காலால் மிதித்தார்கள். சாற்றைத் தோல், விதையோடு சேர்த்து, நிலத்துக்குள் கழுத்துவரை புதைத்த குவெவ்ரி என்ற பெரிய மண்சாடியில் ஊற்றினார்கள். இரவு விருந்து. விருந்தை நடத்துகிற 'தமதா' என்று ஒருவர் எழும்பி, செத்துப்போனவர்களையும் நினைத்து வாழ்த்துச் சொல்லச் சொல்ல எல்லோரும் குடித்தார்கள். நான் கிண்ணத்தைத் தொடவில்லை. அது மரியாதைக்குறைவா? நம் மட்டக்களப்பில் திராட்சை வருமா? வேலையையும் பாட்டையும் குடியையும் ஒன்றாக வைத்துக்கொண்டாட நமக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று கவலையாக இருந்தது.

ஒரு வாசகி

அன்புள்ள மகள்,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டுத் திராட்சை வளர்க்கிறார்கள். இங்கே ஐப்பசியில் பிடித்துத் தை வரை அடிக்கிற மழையில் குலை அழுகிப்போகும். ஆசைக்கு ஒரு கொடி வையுங்கள், அவ்வளவுதான். கிண்ணத்தைத் தொடாதது சரியா பிழையா என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் அம்மாவும் இதைப் படிப்பார்.

'நமக்கு அப்படி ஒன்றும் இல்லையே' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் அங்கே குலை வெட்டிய நாட்களில் நம் வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் விதைப்புக்கு உழுதுகொண்டிருந்தார்கள். நம் வெட்டு மாசி, பங்குனியில். நெற்பயிருக்கே 'வேளாண்மை' என்று பெயர் வைத்துக் களத்துக்கென்று தனிச் சொற்கள் வைத்திருந்த ஊர் இது. களத்தில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். இதைக்கூட அறியாமலா களுவாஞ்சிகுடியில் வளர்ந்தீர்கள்? சரி, அது உங்கள் பிழை மட்டும் இல்லை. மெசின் வந்து ஒரு பகலில் வெட்டி மூட்டை கட்டிப் போய்விடுகிறது, களத்துக்கு யார் போகிறார்கள்.

ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டது குடியைப் பற்றி. போன கிழமை ஓர் அப்பக்கடையில் நின்றேன். மாவில் ஈஸ்ட் தூளைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார் கடைக்காரர். அப்பம் பொங்கித்தான் வந்தது, வாசம்தான் இல்லை. அதையே மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

எங்கள் வீட்டில் 'கள்ளு' என்ற சொல்லை எடுக்கக்கூடாது. 'அப்பப் புளிப்பு' என்பார் அம்மா. சனிக்கிழமை விடிய, எங்கள் வளவுத் தென்னைகளில் கள்ளுச் சீவுகிறவர் பின்வேலியால் வருவார். முன்வாசலால் அவர் வந்ததை நான் பார்த்ததேயில்லை. மண்முட்டியைச் சரித்து, எங்கள் செம்பில் படாமல், ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஊற்றுவார். வெள்ளையாக, நுரை வெடிக்கிற சத்தத்தோடு விழும். ஒரு தேனீயாவது மிதக்கும். அம்மா அதைத் துணியில் வடித்து நேரே அரிசிமாவில் விடுவார். சீவுகிறவருக்குத் தேத்தண்ணி சிரட்டையில். எட்டு வயதுப் பொடியன் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். அவர் கையால் வந்தது எங்கள் அடுப்படிக்குள் போகலாம், அவர் போகக்கூடாது. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அவருக்குத் தெரிந்தது என்ன என்று கேளுங்கள். விரியாத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, நாள்கணக்காக மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்த வேண்டும். கூடத் தட்டினால் பாளை கெட்டுப்போகும், குறையத் தட்டினால் ஊறாது. பிறகு காலையும் மாலையும் ஏறி, நுனியை வெங்காயத்தோல் கனத்துக்குச் சீவ வேண்டும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இனிப்பாகவே நிற்கும். பூசாவிட்டால் யாரும் எதுவும் போடாமலே சில மணித்தியாலத்தில் புளித்துக் கள்ளாகும், இன்னும் விட்டால் விநாகிரி. உங்கள் குவெவ்ரியிலும் இதுதானே நடக்கிறது? அங்கே தோலில் ஒட்டிக்கிடக்கிற ஈஸ்ட் செய்கிற வேலையை இங்கே காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் செய்கிறது. இரண்டும் மண் பாத்திரம்.

ஜோர்ஜியாக்காரருக்கு எட்டாயிரம் வருடக் கணக்கு இருக்கிறது. திபிலிசிக்குத் தெற்கே கிண்டியெடுத்த சாடி ஓடுகளில் திராட்சைச் சாற்றின் தடயம் கிடைத்ததாக 2017இல் அறிவித்தார்கள். 2013இல் குவெவ்ரி முறையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நல்லது, சந்தோஷம். நம் முட்டிக்கு யார் பட்டியல் போட்டது? வெள்ளைக்காரன் சாராயக் குத்தகையை ஏலம் விட்டுக் காசு பார்த்தான். பிறகு 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம். சொந்த வளவில் நிற்கிற தென்னையானாலும் கள்ளுக்குச் சீவ அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றாயிற்று. ககேத்திக்காரன் தன் முற்றத்துச் சாடியைத் திறந்து விருந்தாளிக்கு ஊற்றுகிறான். நம் ஆள் கள்ளு விற்கிற தவறணைக்குப் போய், தெரிந்த முகம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குடிக்கிறான். குடியும் கெட்டது, மனுசனும் கெட்டான்.

உடனே 'சேர் குடிக்கச் சொல்கிறார்' என்று கிளம்ப வேண்டாம். கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடித்து வயிறு வீங்கிச் செத்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். நாட்கூலி முழுக்கத் தவறணையில் போக, வீட்டில் உலை வைக்காத பெண்களையும் தெரியும். நீங்கள் டாக்டராகி இங்கே வந்தால் முதல் நாளே பார்ப்பீர்கள். நான் கேட்பது வேறு. அந்த விருந்தில் மிதித்தவர், சாடி கழுவியவர், குலை சுமந்தவர் எல்லோரும் எங்கே இருந்தார்கள்? தமதாவோடு ஒரே மேசையிலா? இரவு முழுக்க இருந்தும் அதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை. அம்மாவிடம் போனில் கேளுங்கள்: அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது உங்கள் அம்மம்மா அப்ப மாவுக்கு என்ன ஊற்றினார், அதை யார் கொண்டுவந்து கொடுத்தார், எந்த வாசலால். கொஞ்சநேரம் பேசாமல் இருப்பார், போனை வைத்துவிடாதீர்கள். சொன்னால் எனக்கு எழுதுங்கள்.