பேன்ட் சைஸ் 34. கொலஸ்ட்ரால் டெஸ்ட் வேண்டுமா?

கேள்வி: வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. எடை சரிதான், தொப்பை மட்டும் இருக்கிறது. பேன்ட் சைஸ் 34. இடுப்பளவை வைத்தே கொலஸ்ட்ராலைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா? மனைவி ஒல்லி, அவருக்கு டெஸ்ட் தேவையில்லைதானே?
- வாசகர், ஈரோடு

பதில்: முதலில் பேன்ட் சைஸை மறந்துவிடுங்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு மேலே உள்ள அளவு. சட்டையைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அந்த மட்டத்தில் டேப்பைச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை விட்டதும் அளவைப் படியுங்கள். வயிற்றை எக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்! முதுகுப் பக்கம் டேப் சரிந்திருக்கிறதா என்று வேறொருவர் பார்ப்பது நல்லது. தொப்புளை அடையாளமாக வைக்க வேண்டாம்; தொப்பை தொங்கினால் அதுவும் கீழே இறங்கிவிடும். நைந்த துணி டேப் நீண்டுபோய் அளவைக் குறைத்துக் காட்டும்.

இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டாலே எச்சரிக்கை. உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு கணக்கு உண்டு. உங்களுக்கு அது 84. எடையும் நீங்கள் நினைப்பதுபோல் சரியில்லை. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) 23.4, நம்மவர்களுக்கு 23-லிருந்தே அதிக எடைதான்.

குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுகிறது. கூடவே நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். குறைகிறது. டேப் ஓரளவு துப்புக் கொடுப்பது இந்த இரண்டுக்குத்தான். மாரடைப்புக்கு முக்கியக் காரணமான கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல். விஷயத்தில் அதை நம்ப முடியாது. அளவு கூடினால் உடனே டெஸ்ட் எடுங்கள். குறைவாக இருந்தால் டெஸ்ட் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

மனைவி விஷயமும் அதேதான். பரம்பரைக் கோளாறு இருந்தால் ஒல்லியானவருக்கும் எல்.டி.எல். 190-ஐத் தாண்டும். தைராய்டு சுரப்புக் குறைவாலும் அது ஏறும். அவருடைய அப்பா, சகோதரருக்கு 55 வயதுக்குள்ளோ, அம்மா, சகோதரிக்கு 65-க்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

லிப்பிட் ப்ரொஃபைல் எனும் இந்தக் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால் மட்டும், இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்து மறுநாள் காலை மீண்டும் ரத்தம் கொடுங்கள். அந்த அளவில் ஃபார்முலா போட்டுக் கணக்கிடும் எல்.டி.எல். தப்பாகிவிடும்.