பக்கெட் ஒன்று, துணி ஆறு: அடுக்குமாடியில் கார் கழுவுவது பற்றிக் கேள்வி பதில்

கார் பெயின்ட் பூத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் அடுக்குமாடியில், பேஸ்மென்ட் பார்க்கிங்கோடு குடியிருக்கிறேன். ஓஸ் பைப் போட அசோசியேஷன் விடாது, போர் தண்ணீர் உப்பு, மாதா மாதம் வாட்டர் வாஷுக்குக் கொடுக்கவும் மனசு வராது என்று இருப்பவர்கள் கேளுங்கள். பெயின்ட், கண்ணாடி, துணி, தண்ணீர் பற்றிப் பதில் உண்டு. இன்ஜின் சமாசாரத்துக்கு மெக்கானிக்கைப் பாருங்கள்.

வேளச்சேரி: அண்ணா, எங்கள் பிளாக்கில் ஓஸ் பைப்புக்குத் தடை. ஒரு பக்கெட் தண்ணீரில் முழுக் காரையும் கழுவ முடியுமா? கீறல் விழாதா?

பதில்: தாராளமாக முடியும். ஓஸ் பைப்பில் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் ஓடும், அதில் பாதி தரைக்குத்தான் போகும். நமக்கு ஆறு லிட்டர் போதும். கீறல் தண்ணீர் குறைவதால் விழுவதில்லை, மணலைத் துணியில் வைத்துத் தேய்ப்பதால் விழுகிறது.

வாங்க வேண்டியவை: செடிக்கு மருந்தடிக்கும் இரண்டு லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர் ஒன்று, மைக்ரோஃபைபர் துணி ஆறு, துவட்டப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று, 'ரின்ஸ்லெஸ் வாஷ்' என்று விற்கும் திரவம் ஒரு பாட்டில். பாட்டில் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான சரக்கில் நாலு லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி ஊற்றினால் போதும், மாதக்கணக்கில் வரும். அளவு லேபிளில் இருக்கும், அதற்கு மேல் ஊற்றாதீர்கள். சாதாரண கார் ஷாம்பு நுரைக்கும், நுரையை அலசத் தண்ணீர் வேண்டும். இதில் நுரையும் இல்லை, அலசலும் இல்லை. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே வழுவழுப்பைக் கொடுத்து, தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

வண்டி நிழலில் நிற்க வேண்டும். பானெட்டில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. முதலில் ஸ்ப்ரேயரில் அதே கலவையைப் போட்டு, கூரையிலிருந்து கீழே வரை அடித்து, இரண்டு மூன்று நிமிடம் ஊற விடுங்கள். பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இங்கேதான். கதவின் அடிப்பகுதியில் செம்மண் நிறத்தில் கோடு கோடாக இறங்குவது கண்ணுக்கே தெரியும். அந்த மணல் துணி படாமலேயே போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் ஆறு துணியும் அதே கலவை இருக்கும் பக்கெட்டில் ஊறட்டும். ஒன்றை எடுத்து லேசாகப் பிழிந்து, இரண்டு முறை மடித்தால் உள்ளங்கை அளவில் நிற்கும், எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தில் அரைக் கதவு. அழுத்தாமல் நேர்க்கோட்டில் இழுத்து, அடுத்த முகத்துக்குத் திருப்புங்கள். எட்டும் தீர்ந்தால் அந்தத் துணி ஓரமாகப் போகட்டும், மறுபடி பக்கெட்டுக்குள் போகக் கூடாது. கடைசி வரை பக்கெட் தண்ணீர் தெளிவாக இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி என்று இறங்கி, பம்பரையும் கதவின் கீழ்ப்பாதியையும் கடைசிக்கு வையுங்கள். ஒவ்வொரு பகுதியும் முடிந்த கையோடு பெரிய துண்டால் ஒற்றி எடுங்கள். வீல், டயருக்கு வேறு பழந்துணி.

தரையில் நாலு சொட்டுக்கு மேல் விழாது. செயலாளரிடம் அதைச் செய்து காட்டினாலே பாதித் தடை போய்விடும்.

மடிப்பாக்கம்: வாட்ச்மேன் தினமும் துடைத்துத் தருகிறார், மாதச் சம்பளம் கொடுக்கிறோம். அது போதாதா சார்?

பதில்: அவர் துடைப்பதைக் காலை ஆறு மணிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஒரே பக்கெட், ஒரே துணி, பத்து வண்டி. எட்டாவது வண்டிக்கு வரும்போது தண்ணீர் ரசம் நிறத்தில் இருக்கும். முதல் ஏழு வண்டியின் மணலும் உங்கள் வண்டியில்தான் தேயும். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்த சாமான் அவ்வளவுதான். சம்பளத்தை நிறுத்தாதீர்கள். உங்கள் வண்டிக்கென்று நாலு துணியும் ஒரு ஸ்ப்ரேயரும் வாங்கிக் கொடுத்து, வாரம் இரண்டு நாள் செய்தால் போதும் என்று சொல்லுங்கள். தூசி மேல் காய்ந்த துணி படக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். காரின் வெளிப்பூச்சான கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). தினமும் மணலால் தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல் தெரியும். கறுப்பு வண்டி என்றால் ஒரே வருடத்தில் கண்ணில் படும்.

குரோம்பேட்டை: பாத்திரம் கழுவும் லிக்விட் போடலாமா?

பதில்: எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது அதன் வேலை. வண்டி மேலிருக்கும் வாக்ஸையும் சேர்த்தே எடுத்துவிடும். அவசரத்துக்கு ஒரு முறை போட்டால் பெயின்ட் உரிந்துவிடாது, வழக்கமாக வேண்டாம்.

தாம்பரம்: டேஷ்போர்டு பளபளக்கத் தேங்காய் எண்ணெய்?

பதில்: தலைக்குத் தேயுங்கள்.

பெருங்குடி: ஆர்ஓ மெஷினின் கழிவு நீர் தினமும் சிங்க்கில் வீணாகப் போகிறது. அதைப் பிடித்து வைத்துக் கார் கழுவலாம்தானே?

பதில்: டயருக்கும் மிதியடிக்கும் ஊற்றலாம், பெயின்ட்டுக்கும் கண்ணாடிக்கும் வேண்டாம். ஆர்ஓ உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. உள்ளே போகும் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1000 என்றும், நாலு லிட்டரில் ஒரு லிட்டர் குடிநீராக வருகிறது என்றும் வைத்துக்கொண்டால், மிச்ச மூன்று லிட்டரில் 1300 சுற்றி இருக்கும். காய்ந்தால் வெள்ளை வட்டமாக நிற்பது அந்த உப்புதான்.

ஊரப்பாக்கம்: அண்ணன் சும்மா பயமுறுத்துகிறார். நான் ரொம்ப நாளாக ஆர்ஓ கழிவு நீரில்தான் கழுவுகிறேன், வண்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது.

பதில்: உங்கள் வண்டி என்ன நிறம்?

ஊரப்பாக்கம்: வெள்ளை.

பதில்: சரி. இரவில் மொபைல் டார்ச்சைப் பின்கண்ணாடியில் சாய்வாக அடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேடவாக்கம்: இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? ஏசி தண்ணீர் இருக்கிறதே! எங்கள் வீட்டில் பால்கனி பக்கெட் காலையில் பாதி நிறைந்திருக்கும்.

பதில்: அக்கா, இதை நானே சொல்லியிருக்க வேண்டும், முந்திக்கொண்டீர்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதுதான் ஏசி தண்ணீர். மண்ணில் ஓடி வராததால் சுண்ணாம்பு, மெக்னீசியம் எதுவும் கிட்டத்தட்ட இல்லை. டிடிஎஸ் மீட்டரை வைத்தேன்: எங்கள் போரில் ஆயிரத்தைத் தாண்டியது, ஏசி பைப்பில் ஐம்பதைத் தொடவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு கழுவலுக்குத் தேவையான தண்ணீர் சுலபமாகச் சேரும், செலவு பூஜ்யம்.

ஊரப்பாக்கம்: ஏசி தண்ணீரில் பாசி, கிருமி எல்லாம் இருக்கும். அது மட்டும் ஆகுமா?

பதில்: காருக்குக் காய்ச்சல் வராது. காயிலில் இருக்கும் தூசி கலந்து வரும், பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். மூடி வையுங்கள், கொசு முட்டையிடும். குடிக்காதீர்கள்.

சோழிங்கநல்லூர்: எங்கள் பிளாக்கில் வாட்டர் சாஃப்ட்னர் பிளான்ட் இருக்கிறது. அப்போ குழாய்த் தண்ணீரே போதுமா?

பதில்: நல்ல கேள்வி. சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. அதனால் டிடிஎஸ் மீட்டரில் எண் இறங்காது, ஆனால் விழும் கறை ஈரத்துணியிலேயே போய்விடும், கல்லாகப் பிடிக்காது. உடனே துவட்டினால் தாராளமாகப் போதும்.

நாவலூர்: ஏசி தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம், அதற்கு டிஸ்டில்டு வாட்டர். மேற்கொண்டு பேட்டரிக் கடைக்காரரைக் கேளுங்கள்.

ஊரப்பாக்கம்: டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணா. புள்ளி புள்ளியாக இருக்கிறது. இதை எடுக்க என்ன செய்வது?

பதில்: வெள்ளை வினிகரையும் ஏசி தண்ணீரையும் சரிபாதி கலந்து, கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒட்டி வையுங்கள். சுண்ணாம்பு கரையும், துடைத்துவிட்டுத் தண்ணீரால் மறுபடி துடைத்தெடுங்கள். பெயின்ட்டில் செய்வதென்றால் முதலில் ஓர் ஓரத்தில் பாருங்கள். அதற்கும் போகாத வட்டம் கிளியர் கோட்டை அரித்துவிட்டது, அது பாலிஷ் போடுகிறவர் வேலை.

பெருங்குடி: அப்போ என் ஆர்ஓ தண்ணீர்?

பதில்: வீடு துடையுங்கள். கழிவறைக்கு ஊற்றுங்கள். இந்த வழக்கு இத்தோடு முடிந்தது.

ஆதம்பாக்கம்: தினமும் தூசி தட்ட நீளப் பிடி வைத்த பிரஷ் வாங்கலாமா?

பதில்: மேலே சொன்னதுதான். காய்ந்த தூசி மேல் எதுவும் படக் கூடாது.

பெங்களூரு, மாரத்தஹள்ளி: 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று இங்கே குடிநீர் வாரியம் அறிவித்ததிலிருந்து எங்கள் அசோசியேஷன் பக்கெட்டைப் பார்த்தாலே கத்துகிறது.

பதில்: அந்த உத்தரவு குடிநீரைப் பற்றியது. ஸ்ப்ரேயரில் ஏசி தண்ணீர் என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் காய்ந்து, லாரிக்குக் காத்திருந்தபோது இங்கே பலரும் இப்படித்தான் சமாளித்தோம்.

முகப்பேர்: கழுவிய தண்ணீரை மழைநீர்க் குழியில் விட்டால் நிலத்தடிக்குத் திரும்பப் போகுமே?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக இருக்கும் அந்தக் குழி கூரை மழைக்கானது. சோப்பும் பிரேக் தூளும் எண்ணெயும் அதில் இறங்கினால் நாளைக்கு உங்கள் போரில்தான் வரும். கழிவுநீர்க் குழாய்க்கு விடுங்கள்.

போரூர்: பார்க்கிங்கில் எலி வயரைக் கடிக்கிறது.

பதில்: என் துறை இல்லை. மெக்கானிக்.

அண்ணா நகர்: மரத்தடியில்தான் இடம். காக்கை எச்சத்தைச் சுரண்டினால் தடம் நிற்கிறது.

பதில்: சுரண்டியதால்தான் நிற்கிறது. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, வெயில் பட்டால் ஒரே நாளில் கிளியர் கோட்டைப் பிடித்துவிடும். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் தோய்த்து அதன் மேல் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், இளகியதும் மேல்நோக்கித் தூக்கி எடுங்கள், இழுக்க வேண்டாம். டிக்கியில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் எப்போதும் இருக்கட்டும். வார முறைக்குக் காத்திருக்கக் கூடாதது இது ஒன்றுதான்.

கொளத்தூர்: கவர் போட்டால் கழுவவே வேண்டாமே?

பதில்: தூசியோடு கவர் போட்டால் காற்றில் அது அசைந்து அசைந்து தேய்க்கும். கழுவிய பிறகு போடலாம்.

பல்லாவரம்: சார், தூசி தட்ட வாக்ஸ் தடவிய பிரஷ் விற்கிறார்களே, அது…

பதில்: இல்லை. கூடாது. வாக்ஸ் தடவினாலும், மயிலிறகே ஆனாலும். அடுத்தவர்.

கோடம்பாக்கம்: அடைமழைச் சேறுக்கும் இதே முறையா?

பதில்: கெட்டிச் சேறுக்கு ரின்ஸ்லெஸ் வேண்டாம். அன்றைக்கு மட்டும் வாட்டர் வாஷ் கடைக்குக் கொடுத்து, பிரஷர் தண்ணீர் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், அவர்கள் துணி படாமல் வீட்டுக்கு வந்து உங்கள் துணியால் துடையுங்கள்.

நங்கநல்லூர்: இந்தத் துணிகளை எப்படித் துவைப்பது? வாஷிங் மெஷினில் மற்ற துணியோடு போடலாமா?

பதில்: காட்டனோடு போட்டால் அதன் பஞ்சு முழுதும் இதில் ஒட்டிக்கொள்ளும். தனியாக, கொஞ்சம் லிக்விட் சோப்பில் ஊற வைத்து அலசி நிழலில் காயப் போடுங்கள். வாசனைக்குப் போடும் மென்மையாக்கி திரவம் வேண்டாம், துணி தண்ணீர் குடிக்காமல் போகும். துடைக்கும்போது துணி தரையில் விழுந்தால் உதறிவிட்டுத் தொடராதீர்கள், அது இனி டயர் துணி. டயருக்குப் போனது மறுபடி பானெட்டுக்கு வரக் கூடாது. குழப்பம் வராமல் இருக்க ஓரத்தை வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.