வெயில் காயுது, கருவாடு காயுது

தொண்டி வாசகி: கருவாடு காயுது, பிள்ளைக்கு உடம்பு காயுது, நிலாவும் காயுது என்கிறோம். எல்லாம் ஒரே ‘காய்’தானா?

ஒரே வினைதான். அதன் அடிப்படைப் பொருள் சூடு. ஈரம் போவது அந்தச் சூட்டின் விளைவு. கன்னடத்தில் ‘காய்’ என்றால் சூடேறுதல். தெலுங்கில் ‘காகு’ என்றால் காய்ந்து கொதித்தல். வெயிலும் நிலவும் தெலுங்கிலும் ‘காயும்’.

குறள் 77-இல் ‘என்பி லதனை வெயில்போலக் காயுமே’ என்று வருகிறது. எலும்பில்லாத புழுவை வெயில் சுட்டுக் கொல்கிறது. குறள் 691-இல் வரும் ‘தீக்காய்வார்’ நெருப்புக்கு அருகே குளிர் போக்கிக்கொள்பவர்கள். கொல்லும் சூட்டுக்கும் இதமான சூட்டுக்கும் சொல் ஒன்றே. 77-இல் வெயில் தானே காயவில்லை, புழு‘வை’க் காய்கிறது என்பதைக் கவனியுங்கள். இன்று அப்படிச் சொல்வதில்லை. ‘ஏன் என் மேல காயுறே?’ என்று கோபத்தைச் சொல்லும்போது மட்டும் மற்றவரைச் சுடும் அந்தப் பொருள் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

சாயல்குடி வாசகர்: பதனீரைக் காய்ச்சுகிறோம். கருவாட்டை ஏன் காய்ச்சுவதில்லை, காயப்போடுகிறோம்?

‘காய்ச்சு’ சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டது: பால், பதனீர், இரும்பு. உலர்த்தும் வேலைக்குக் ‘காயப்போடு’, ‘காயவை’ வந்தன. அங்கே ஆள் பரப்பி வைப்பதோடு சரி. மிச்சத்தை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். பெயர்ச்சொல்லில் இந்தப் பிரிவு இல்லை. காய்ச்சல் என்றால் ஜுரமும்தான், வயலைக் காயவிடுவதும்தான். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பது இந்த இரண்டாவது. பதனீர் அடிபிடித்தால் வருவது காந்தல். அந்தக் கசப்பு கருப்பட்டியிலும் இறங்கிவிடும் என்பதால், பாகு கெட்டியாகும் நேரத்தில் தீயைக் குறைத்துக் கை ஓயாமல் கிண்ட வேண்டும்.

கீழக்கரை வாசகர்: மாங்காயின் ‘காய்’?

அது வேறு. மீன் காய்ந்தது, மரம் காய்த்தது: இறந்தகாலமே பிரித்துக் காட்டிவிடும். துடுப்புப் பிடித்துக் கை காய்த்துப்போவது வடிவத்தில் மரத்தின் பக்கம்.

பாம்பன் வாசகி: சீலாக் கருவாடு மேலே கல்லாகக் காய்ந்திருக்கிறது, உள்ளே நாறுகிறது. இது காய்ந்ததா, தீய்ந்ததா?

இரண்டும் இல்லை. மேல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் சிறைப்பட்ட கருவாடு அது. சீலா போன்ற தடித்த மீனை முதல் நாளே கொளுத்தும் உச்சி வெயிலில் போட்டால், உள்ளீரம் மேலே வந்துசேரும் முன்பே மேல்தசை இறுகி வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரத்தில் அழுகல் தொடங்கும். சுடுமணலில் நேராகப் போட்டால் இன்னொரு கேடும் உண்டு. மணல் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது தசை வேகத் தொடங்கும். வெந்த மீன் காய்ந்தாலும் கையில் எடுக்கும்போது உதிரும். கருகுவதும் தீய்வதும் அதற்கும் அடுத்த கட்டம்.

செதிலும் குடலும் செவுளும் நீக்கி, முதுகுப் பக்கம் பிளந்து விரியுங்கள். தடித்த இடங்களில் கீறல் போடுங்கள். 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு; கீறலுக்குள்ளும் தேய்த்து, அடுக்கி, மூடி ஒரு நாள் வையுங்கள். ஊறி வரும் உப்புநீரில் மீன் முங்கியிருக்க வேண்டும். பிறகு ஒட்டிய உப்பை அலசிவிட்டு, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைப்பரணில் பரப்புங்கள். அடியிலும் காற்று போகும், மணலும் ஒட்டாது. முதல் நாள் காலை வெயிலும் மாலை வெயிலும் போதும். உச்சியில் நிழல் கொடுங்கள். இடையிடையே புரட்டுங்கள். இரவில் குவித்து, மூடி, மேலே பாரம் வையுங்கள். உள்ளீரம் மெல்ல மேல்பரப்புக்கு வரும். மறுநாள் வெயில் அதை எடுத்துக்கொள்ளும். பலர் விட்டுவிடும் வேலை இந்த இரவுப் பாரம்தான், உங்கள் சீலா நாறுவதற்கு அதை விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். தடித்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் காயவில்லை. வைத்த கருவாட்டில் செந்நிறம் படர்ந்தால், உப்பை விரும்பி வளரும் நுண்ணுயிர்கள் சேர்ந்துவிட்டன என்று பொருள். அவை பெரும்பாலும் அழுக்கு உப்போடு வருபவை, ஆகவே உப்பை மாற்றுங்கள்.

நெத்திலிக்கு இத்தனை பாடு வேண்டாம். மெல்லிய உடம்பு, உப்பில்லாமலே நல்ல வெயிலில் காய்ந்துவிடும்.

தேவிபட்டினம் வாசகர்: கருவாட்டுக்குப் பழைய பெயர் என்ன?

உணக்கல். சங்க நூலான நற்றிணையின் 45-ஆம் பாட்டில் பரதவர் (கடற்கரை மீனவர்) மகள், நிணமுள்ள சுறாவை அறுத்துப் போட்ட உணக்கலுக்காகப் பறவைகளை விரட்டுகிறாள். மலையாளத்தில் அது இன்றும் உணக்கமீன்.