'டஸ்' வந்தால் 'ஹேஸ்' எங்கே போகிறது?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. 'டஸ் ஷி ஹேவ் எ பென்?' என்று நோட்டில் எழுதியிருந்தான். 'ஷி' வந்தால் 'ஹேஸ்' தானே என்று அடித்துத் திருத்தினேன். அவன் எழுதியதே சரி என்கிறார் ஆசிரியை. எப்படி?
– வாசகி, விழுப்புரம்

பதில்: ஆசிரியை பக்கம்தான் நானும். பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் எடுத்த காலமெல்லாம் சிவப்பு மையை அதிகம் குடித்தது இந்த 'டஸ் ஹேஸ்' தான்.

'ஷி ஹேஸ் எ பென்' என்னும்போது ஆளுக்கேற்ற மாற்றம் 'ஹேஸ்' மேலேயே இருக்கிறது. கேள்வி கேட்கவோ இல்லை என்று சொல்லவோ 'டூ' உள்ளே வந்ததும் அந்த வேலையை அது வாங்கிக்கொண்டு 'டஸ்' ஆகிவிடும். 'ஹேவ்' மொட்டையாக நிற்கும். இறந்த காலத்திலும் அப்படித்தான்: 'டிட் ஷி ஹேவ்', 'ஹேட்' இல்லை. 'கேன்', 'மஸ்ட்' பின்னாலும் 'ஹேவ்' மட்டுமே.

தமிழிலும் இது இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. போகிறேன், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் மாற்றுகிற நாம், எதிர்மறை என்றதும் நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை என்று ஒரே மாதிரி சொல்கிறோம். அந்தப் 'போக' மாதிரிதான் 'டஸ் நாட் கோ'வில் வரும் 'கோ'. பையனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், பிடித்துக்கொள்வான்.

பழைய இங்கிலீஷில் நான், நீ, அவன், அவர்கள் என்று விகுதிகள் வெவ்வேறாக இருந்தன. ஒவ்வொன்றாக உதிர்ந்து, நிகழ்காலத்தில் மிஞ்சியது 'ஹி, ஷி, இட்' உடன் வரும் இந்த 'எஸ்' தான் ('பி' என்ற வினை மட்டும் இன்னும் ஆம், இஸ், ஆர் என்று ஆடிக்கொண்டிருக்கிறது). 1611-இல் வந்த இங்கிலீஷ் பைபிளில் 'ஹேஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹாத்' இருக்கும். வடக்கு இங்கிலாந்திலிருந்து இறங்கிய 'எஸ்' அதைத் துரத்திவிட்டது. கிழக்கு இங்கிலாந்தில் உள்ள நார்ஃபோக் பக்கத்துக் கிராமப் பேச்சில் அந்த 'எஸ்' கூட இல்லாமல் 'ஷி கோ' என்றே சொல்வதுண்டு. பரீட்சையில் எழுதினால் மார்க் போய்விடும், அது வேறு கதை.

கேள்வி: 'ஐ ஆம் ஹேவிங் த்ரீ சன்ஸ். ஒன் ஆஃப் மை சன்ஸ் ஹேவ் எ ஷாப்.' பிழை உண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டு உண்டு. கடை வைத்திருப்பது 'ஒன்', அதனால் 'ஹேஸ்'. பக்கத்தில் 'சன்ஸ்' நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'த நம்பர் ஆஃப்' என்றால் 'ஹேஸ்', 'எ நம்பர் ஆஃப்' என்றால் 'ஹேவ்'. 'போலீஸ்' எப்போதும் பன்மை, 'ஹேவ்' தான்.

அப்புறம் அந்த 'ஹேவிங்'. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்கு 'ஐ ஹேவ் த்ரீ சன்ஸ்' போதும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது போன் செய்தால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்று தாராளமாகச் சொல்லுங்கள்.