மெஷின் பார்க்கிற வேலைதானே என்று கேட்கும் அம்மாவுக்கு

மகள் பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி (மூளை, நரம்புகளின் மின் அலைகளை மெஷினில் பதிவு செய்து கவனிக்கும் படிப்பு) படிக்க ஆசைப்படுகிறாள், "மெஷின் பார்க்கிற வேலைக்கு நான்கு வருஷமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மெஷின் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில், கரோடிட் என்பார்கள், கொழுப்பு படிந்தால் பக்கவாதம் வரலாம். அதைத் திறந்து சுத்தம் செய்யும்போது தமனியைக் கிளாம்ப் போட்டு மூட வேண்டும். மற்ற தமனிகள் அந்த நேரத்தில் ஈடுகட்டுகின்றனவா? கழுத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்தால் நோயாளி விழித்திருப்பார். எதிர்ப்பக்கக் கையில் கீச்சு பொம்மையைக் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள், எண்ணச் சொல்வார்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கீச்சொலி நின்றாலோ நாக்கு குழறினாலோ உடனே ஷன்ட் என்ற சிறு குழாயை வைத்து ரத்தத்தை ஓடவிடுவார்கள். இதைவிட நம்பகமான சோதனை இல்லை என்பது என் கருத்து.

ஆனால் எல்லோரையும் விழித்தபடி வைத்திருக்க முடியாது. முழு மயக்கத்தில் இருப்பவரின் மூளைக்காக இ.இ.ஜி. மெஷினில் தெரியும் மூளையின் மின் அலைகள்தான் பேச வேண்டும். அலை மெலிவதைக் கவனித்து உடனே சர்ஜனிடம் சொல்வது உங்கள் மகளின் வேலையாக இருக்கும். இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2008-ல் வெளியான காலா என்ற ஆய்வில் 3,526 நோயாளிகள். விழிப்போ மயக்கமோ, பக்கவாதம், மாரடைப்பு, மரணம் ஆகியவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இரண்டு முறைகளும் நடைமுறையில் இருக்கின்றன.

சரி, வேலை கிடைக்குமா? கரோடிட் ஆபரேஷனை மட்டும் நம்பி யாரும் பிழைக்க முடியாது. முதுகுத்தண்டு, மூளைக்கட்டி ஆபரேஷன்கள், வலிப்பு நோய்ப் பிரிவு என்று வேலை பரந்து கிடக்கிறது. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைக்க விரும்பவில்லை. 2021-ல் வந்த மத்தியச் சட்டம் இந்தத் துறையினரைப் பதிவு செய்ய வழி வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் பிற்பாடு சி.என்.ஐ.எம். என்ற, ஆபரேஷன் நேர நரம்புக் கண்காணிப்புக்கான அந்நாட்டுச் சான்றிதழ்த் தேர்வைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரே திரையை மணிக்கணக்கில் கண் அயராமல் பார்க்கும் பொறுமை அவளுக்கு உண்டா என்று நீங்களே கேளுங்கள். அப்புறம் கல்லூரி. கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகளிடம், "ஆபரேஷன் தியேட்டருக்குள் போய் மானிட்டரிங் செய்திருக்கிறீர்களா, இல்லை வெளிநோயாளி இ.இ.ஜி.யோடு சரியா?" என்று கேட்டுப் பாருங்கள். தியேட்டர் பக்கமே போனதில்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.